எட்டு மாதம் விட்டிருந்த சிகரெட் திரும்ப வந்தபின்: யாரிடம், எந்த உதவியைக் கேட்பது?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. உங்களுக்கு வயது 41. 17 ஆண்டுகளாக நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் பிடித்து வந்தீர்கள். சென்ற ஆண்டு யாரிடமும் சொல்லாமல் நிறுத்தி, எட்டு மாதம் தொடாமல் இருந்தீர்கள். அப்பா இறந்த அன்று பந்தலுக்கு வெளியே நின்றிருந்தபோது சித்தப்பா மகன் நீட்டியதை வாங்கிப் பற்றவைத்தீர்கள். மூன்றே வாரத்தில் பழைய கணக்கு திரும்பிவிட்டது. இப்போது மூன்று மாதமாக மனைவிக்குத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மறுபடி நிறுத்த முடியுமா, இந்த முறை பிறர் உதவியை நாடலாமா, நாடினால் யாரிடம் என்ன கேட்பது, ஒன்பது வயது மகளுக்குச் சொல்லலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

முடியும். உதவியை நாடலாமா என்று தயங்கவே வேண்டாம். இந்த முறை உங்களுக்கான வைத்தியத்தில் பெரும்பகுதி அதுதான். எந்த உதவியும் இல்லாமல் தாமாகவே நிறுத்துபவர்களில், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடாமல் இருப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் என்று 2004இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அந்தச் சிலரில் ஒருவராக எட்டு மாதம் இருந்திருக்கிறீர்கள். ஆகவே "எனக்கு மனவுறுதி கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். உங்களிடம் குறையாக இருந்தது மனவுறுதி அல்ல. துக்க வீட்டில் உங்கள் பக்கத்தில் நின்றவர்களில் ஒருவருக்குக்கூட நீங்கள் சிகரெட்டை விட்டிருந்தது தெரியாது, குறை அதுதான்.

எட்டு மாதம் கழித்தும் ஏன் இப்படி ஆயிற்று என்று குழம்பியிருக்கிறீர்கள். இழுத்த புகையிலுள்ள நிக்கோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை அடைந்து, அங்குள்ள நரம்பு செல்களில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் பொருந்தி, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகிவிடுகின்றன. நிறுத்திய முதல் நாட்களில் வரும் எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் எதிலும் மனம் நிற்காத நிலைக்கும் அதுவே முக்கியக் காரணம். நிறுத்திய 6 முதல் 12 வாரத்துக்குள் அவை ஏறத்தாழப் புகைக்காதவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன. எனவே அன்றைக்கு உங்களை இழுத்தது உடலின் நிக்கோடின் பசியாக இருந்திருக்காது. ஆண்கள் கூடி நிற்கும் இடம், தீக்குச்சி உரசும் வாசனை, என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கிய கைகள் என்று 17 ஆண்டுகளாகச் சிகரெட்டோடு சேர்த்தே மூளை பதிந்துவைத்திருந்த நினைவுகள் அங்கே ஒன்றாகத் திரண்டன. அந்த நினைவுகள் ஏற்பிகளைப் போல மூன்று மாதத்தில் அடங்குவதில்லை. அவற்றை எதிர்கொள்ளத்தான் ஆள்பலம் வேண்டும்.

அந்த ஒரு சிகரெட்டுக்கும் பழைய கணக்குக்கும் நடுவிலிருந்த மூன்று வாரங்களையும் கவனித்துப் பாருங்கள். போதைப் பழக்கங்களிலிருந்து மீள்வதைப் பற்றி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஆலன் மார்லட் என்ற உளவியலாளர், 1980களில் இந்த இடைவெளியைத்தான் துல்லியமாக விளக்கினார். ஒருமுறை சறுக்குவது வேறு, பழக்கத்துக்கே திரும்பிவிடுவது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஆளை இழுத்துச் செல்வதில் நிக்கோடினுக்கு உள்ள பங்கைப் போலவே, "கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன" என்ற எண்ணத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்றார். குற்றவுணர்வு வருகிறது, அதை மறைக்கத் தோன்றுகிறது, மறைப்பதால் மனம் அழுந்துகிறது, அந்த அழுத்தத்துக்கு மருந்தாக அடுத்த சிகரெட் வருகிறது. அன்று இரவே ஒருவரிடம் சொல்லியிருந்தால் இந்தச் சுழல் தொடங்காமலே போயிருக்கக்கூடும். சொல்வதற்கு ஆள் இல்லாமல் இருந்ததுதான் உங்கள் முதல் முயற்சியில் இருந்த ஓட்டை.

சுற்றியிருப்பவர்களின் பலம் என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு ஆய்வுகளைத் தேட வேண்டியதில்லை. கார்த்திகை மாதத்தில் நம் தெருவைப் பார்த்தால் போதும். இருபது வருடம் பீடி பிடித்தவர், நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதியவர், ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்றோடு நிறுத்திவிடுகிறார். மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. 41 நாளோ 48 நாளோ தொடுவதே இல்லை. பக்தியும் விரத பயமும் இதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. அதோடு வேறொன்றும் நடக்கிறது. மாலை போட்ட கணத்திலிருந்து வீட்டில் மனைவி முதல் பெட்டிக்கடைக்காரர் வரை எல்லோரும் அவரைச் "சாமி" என்றுதான் அழைக்கிறார்கள். நண்பர் சிகரெட்டை நீட்டுவதில்லை. நீட்ட வந்தாலும் மாலையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்கிறார். குளிக்கும் நேரம் மாறுகிறது, சாப்பாடு மாறுகிறது, மாலைப்பொழுது டீக்கடையிலிருந்து பஜனைக்கு மாறுகிறது, கூடவே மாலை போட்ட நாலைந்து பேர் துணைக்கு இருக்கிறார்கள். அவர் விரதத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரியும்; காப்பாற்றிக் கொடுப்பதில் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் அந்த வளையமும் சேர்ந்தே கழன்றுவிடுகிறது. கழற்றிய அன்றே, சிலர் திரும்பி வரும் வண்டியிலேயே, மறுபடி பற்றவைப்பதை நான் ஆலோசனைக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். உடலின் தவிப்பு அடங்கிப் பல நாள் ஆகியிருக்கும் அந்த நேரத்தில் அவர்கள் இழந்தது அந்த வளையத்தை மட்டுமே. உங்களுக்கு நான் சொல்லப்போவதெல்லாம், அத்தகைய வளையம் ஒன்றை மாலை இல்லாமலே, ஓராண்டுக்குக் கட்டிக்கொள்வது எப்படி என்பதுதான்.

அதற்கு முதலில் மறைப்பது நிற்க வேண்டும். வீடு திரும்பும்முன் ஹால்ஸ் வாயில் போடுவது, சட்டையைத் தனியாக ஊறவைப்பது, வண்டிப் பெட்டியில் தீப்பெட்டியை ஒளிப்பது என்று மூன்று மாதமாக நீங்கள் செய்துவருவதில் பாதி உழைப்பு போதும், சிகரெட்டை நிறுத்திவிடலாம். மனைவியிடம் சொல்வதைத் தள்ளிப்போடுவதற்கு நீங்கள் கூறும் காரணம், "முழுவதுமாக நிறுத்திவிட்டுச் சொல்லலாம்" என்பது. அது முறையாகாது. நிறுத்திய பின் சொன்னால் அவருக்கு அது ஒரு பழைய பொய்யாக மட்டுமே போய்ச் சேரும். இப்போதே சொன்னால் அவர் உங்கள் பக்கம் நிற்க இடம் இருக்கும். பிள்ளை தூங்கிய பிறகு, சிகரெட் பிடித்துவிட்டு வந்திராத ஒரு நேரத்தில், நேராகச் சொல்லுங்கள். "அப்பா காரியத்தப்போ ஒண்ணு பிடிச்சேன். அதுல இருந்து மூணு மாசமா உனக்குத் தெரியாம பிடிச்சிட்டு இருக்கேன். திரும்ப விடணும். தனியா முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. நீ கோவப்படுறது நியாயம்தான். ஆனா எனக்கு நீ செய்ய வேண்டியது ரெண்டு மூணு விஷயம் இருக்கு, அதைக் கேளு" என்ற அளவில் போதும். கோபம் வரும், அழுகையும் வரலாம், வரட்டும். அப்போது பதிலுக்கு நியாயம் பேச வேண்டாம்.

அவரிடம் கேட்க வேண்டியது எது, கேட்கக் கூடாதது எது என்பதில் ஆய்வுகள் தெளிவாகவே இருக்கின்றன. துணைவர் தரும் ஊக்கம் அவருடைய நச்சரிப்பைவிடக் கூடுதலாக இருந்த இடங்களில் நிறுத்தியவர்கள் நீடித்தார்கள் என்று 1990இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சட்டையை முகர்ந்து பார்ப்பது, பையைத் துழாவுவது, "இன்னைக்கு எத்தனை?" என்று வாசலிலேயே கேட்பது ஆகியவை கவலையால் செய்யப்படுபவைதான், ஆனாலும் அவை மறைப்பதையே கற்றுக்கொடுக்கின்றன. ஆகவே ஒப்பந்தம் இப்படி இருக்கட்டும்: அவர் சோதிக்க மாட்டார், நீங்கள் கேட்காமலே உண்மையைச் சொல்வீர்கள். "பிடிச்சீங்களா?" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வியை அவர் இரவில் கேட்கட்டும். முதல் இரண்டு வாரம் நீங்கள் சிடுசிடுப்பீர்கள், சின்ன விஷயத்துக்கு வெடிப்பீர்கள், அது அவர்மேலுள்ள கோபம் அல்ல என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்தத் தகவல் இல்லாமல்தான் பல வீடுகளில், "இதுக்கு நீங்க பிடிச்சிட்டே இருந்திருக்கலாம்" என்று மனைவியே மனம் நொந்து சொல்லும்படி ஆகிறது.

அதே சமயம் மனைவி ஒருவரிடமே எல்லாப் பாரத்தையும் இறக்கிவைக்காதீர்கள். துணைவருக்குப் பயிற்சி கொடுத்துப் புகைநிறுத்தத்தில் ஈடுபடுத்திய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் மதிப்பாய்வு, அந்தப் பயிற்சியால் மட்டும் நிறுத்துவோர் எண்ணிக்கை கூடியதாகக் காணவில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர் நேரிலோ தொலைபேசியிலோ தொடர்ந்து பேசுவது, குழுவாகக் கூடிப் பேசுவது, புகை இல்லாமல் நிக்கோடினை மட்டும் தரும் மாற்று மருந்துகள் ஆகியவற்றுக்கோ பலன் உண்டு என்பது உறுதியாகியிருக்கிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, குடும்பத்தின் வேலை வேறு, ஆலோசகரின் வேலை வேறு, நண்பரின் வேலை வேறு என்பதே. மனைவி வீட்டை உங்களுக்கு இலகுவான இடமாக வைத்துக்கொள்வார். தவிப்பு வரும் கணத்தில் கூப்பிடுவதற்கு வேறொருவர் வேண்டும். திட்டம் போட்டுத் தருவதற்கு இன்னொருவர் வேண்டும்.

தவிப்பு வரும்போது கூப்பிடுவதற்கான ஆளை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மிக நெருங்கியவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பகலில் போனை எடுப்பவராக, உபதேசம் செய்யாதவராக இருந்தால் போதும். முன்பு புகைத்து விட்டுவிட்டவர் கிடைத்தால் மிகவும் நல்லது. தவிப்பு உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் சில நிமிடங்களே. அந்த நிமிடங்கள் கழிவதற்குள் ஒரு குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. அவரிடம் முன்கூட்டியே, "நான் கூப்பிட்டா என்ன ஏதுன்னு கேக்க வேண்டாம். கிரிக்கெட் பேசு, உன் ஆபீஸ் கதை பேசு, அஞ்சு நிமிஷம் லைன்ல இரு" என்று சொல்லிவிடுங்கள். பொதுவாக "எனக்கு சப்போர்ட் பண்ணு" என்று கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. வேலையைச் சொல்லிக் கேட்டால் செய்வார்கள்.

அடுத்தது, தினமும் காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் உங்களோடு டீக்கடைக்கு வரும் அலுவலக நண்பர். அவரைத் தவிர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் அவரையும் சேர்த்து இழுக்கப் பார்ப்பேன். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்காம் இதய ஆய்வில் பங்கேற்ற 12,067 பேரின் உறவுகளையும் நட்புகளையும் 1971 முதல் 2003 வரை தொடர்ந்து பார்த்த நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் என்ற இரு ஆய்வாளர்கள், மக்கள் தனித்தனியாக அல்லாமல் கூட்டங்கூட்டமாகவே சிகரெட்டை விட்டிருக்கிறார்கள் என்று 2008இல் எழுதினார்கள். கணவன் மனைவியில் ஒருவர் நிறுத்தினால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது; நண்பர் நிறுத்தினால் 36 விழுக்காடும், சிறிய நிறுவனங்களில் சக ஊழியர் நிறுத்தினால் 34 விழுக்காடும் குறைந்தன. உங்கள் நண்பரும் உள்ளுக்குள் விட நினைப்பவராக இருக்கக்கூடும். இந்தியாவில் 2016-17இல் எடுக்கப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55 விழுக்காட்டினர் நிறுத்தும் எண்ணம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். அவர் வரவில்லை என்றால், நட்பை முறிக்க வேண்டாம். முதல் ஒரு மாதம் மட்டும் டீயை அலுவலகத்துக்கே வரவழைத்துக் குடியுங்கள், சாப்பாட்டு நேரத்தில் அவரோடு இருங்கள். உங்கள் முன்னால் பற்றவைக்க வேண்டாம், நீங்களே கெஞ்சிக் கேட்டாலும் தர வேண்டாம் என்ற இரண்டை மட்டும் அவரிடம் உறுதியாகக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டிக்கடைக்காரரையும் விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் சிகரெட்டைப் பாக்கெட்டாக வாங்க வேண்டிய தேவை இல்லை. கண்ணாடி ஜாடிக்குப் பக்கத்தில் திறந்த பாக்கெட் இருக்கும், கடையின் ஓரத்தில் கயிறு புகைந்துகொண்டிருக்கும் அல்லது நூலில் லைட்டர் தொங்கும். கையிலிருக்கும் சில்லறைக்கு ஒன்றை வாங்கி அங்கேயே பற்றவைத்துவிட்டு, ஒரு தடயமும் இல்லாமல் வந்துவிடலாம். "ஒண்ணே ஒண்ணு" என்பதை இவ்வளவு எளிதாக்கும் ஏற்பாடு வேறில்லை. உங்களுக்கு அந்தக் கடையில் மாதக் கணக்கும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் பாக்கியைக் கொடுத்துக் கணக்கை முடியுங்கள். "அண்ணாச்சி, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு, நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்று கடையில் வேறு ஆட்கள் இருக்கும்போதே சொல்லுங்கள். பத்து ரூபாய் வியாபாரத்தைப் பெரிதாக நினைக்காமல், "சார், நீங்கதான வேணாம்னீங்க" என்று கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்து அனுப்பிய கடைக்காரர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இனி, முறையான ஆலோசனைக்கு வருவோம். 2018 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் 1800-11-2356 என்ற எண் அச்சிடப்பட்டு வருகிறது. அது தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணம் இல்லை. டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016இல் தொடங்கிய இந்தச் சேவைக்குப் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் ஒரு மையம் இருக்கிறது. அங்கிருந்து தமிழிலும் பேசுகிறார்கள். ஒருமுறை பேசிவிட்டுப் போனை வைத்துவிடும் சேவை அல்ல அது. நீங்கள் நிறுத்தப்போகும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்தத் தேதியை ஒட்டியும் அதற்குப் பிறகும் அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். சறுக்கிய ஒருவருக்கு இந்தத் தொடர்ந்த விசாரிப்புதான் முக்கியம். ஏனென்றால் தானாகக் கூப்பிடக் கூச்சப்படும் நாளில்தான் அவருக்கு உதவி அதிகம் தேவைப்படும். நேரில் போக விரும்பினால் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் புகையிலை நிறுத்த மையம் இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ மார்பு நோய்ப் பிரிவிலோ கேட்டால் வழிகாட்டுவார்கள்.

மருந்து எடுத்துக்கொள்வதைத் தோல்வியாகப் பார்க்காதீர்கள். மூன்று மாதமாகப் புகைத்திருப்பதால் உங்கள் ஏற்பிகள் மறுபடி பெருகியிருக்கும். உடலின் தவிப்பு மீண்டும் வரும், இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போகும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். அந்த வாரங்களைக் கடக்கத்தான் நிக்கோடின் கம். 2 மில்லிகிராம் கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுபவர் என்றால் 4 மில்லிகிராம் வேண்டியிருக்கும், அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். "கம் மென்றேன், விக்கல்தான் வந்தது, பலன் இல்லை" என்று சொல்பவர்களிடம் எப்படி மென்றீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சாதாரண சூயிங்கம்மைப் போல வேகமாக மென்று, நடுவில் டீயும் குடித்திருப்பார்கள். மெதுவாகச் சில முறை மென்று, நாக்கில் சுருக்கென்ற காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி சில முறை மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். விழுங்கினால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, பழச்சாறு எதுவும் கூடாது; அவற்றின் அமிலத்தன்மை நிக்கோடின் ஏறுவதைத் தடுத்துவிடும். தவிப்பு வந்தபின் தேடாமல், முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்சோடு கம்மையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பலன் இன்னும் கூடுகிறது. வரெனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. அவை மருத்துவர் பார்த்துத் தர வேண்டியவை, வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது. இதய நோயோ வேறு மருந்துகளோ இருந்தால் எதையும் தொடங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலைக்கு மாறுவது நிறுத்துவது ஆகாது. மின்சிகரெட்டின் விற்பனையே நம் நாட்டில் 2019லிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது.

அதிகம் பேர் அறியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிகரெட் புகை, காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகையை நிறுத்தியதும் அந்தத் தூண்டல் குறைந்து, அதே ஒரு டம்ளர் காபியின் காஃபீன் இரத்தத்தில் முன்பைவிட அதிக நேரம் தங்குகிறது. கை நடுங்குகிறது, படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்று நிறுத்திய முதல் வாரத்தில் சொல்பவர்களில் சிலருக்கு அது காபி செய்யும் வேலையாகவும் இருக்கலாம். காபி டீயைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். மதுவை முதல் மாதம் முழுவதுமாகத் தள்ளிவையுங்கள். மதுவோடு வரும் சறுக்கல் மிகவும் வழக்கமானது.

உங்கள் விஷயத்தில் துக்கம் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. அப்பா போய் மூன்று மாதம்தான் ஆகிறது. நீங்கள் மூத்த மகன், காரியங்களை எல்லாம் முன்னின்று செய்திருக்கிறீர்கள், அழுவதற்கு நேரமே கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சிகரெட் அந்த அழுகையின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி அம்மாவிடமோ தம்பியிடமோ பேசுங்கள். தூக்கமும் பசியும் இன்னும் சரியாகவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசலாம். தலைத்திவசம் வரும்போது அதே வீடு, அதே உறவினர்கள், அதே வாசல் இருக்கும். அன்றைக்கான ஏற்பாட்டை இன்றே செய்யலாம். சித்தப்பா மகனைக் கூப்பிட்டு நீங்கள் சிகரெட்டை விடப்போவதைச் சொல்லுங்கள். நீங்கள் வாசலில் நிற்க நேர்ந்தால் அவரே உங்களை உள்ளே அழைத்துப்போகும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். அன்று நீட்டியவர் தீய எண்ணத்தில் நீட்டவில்லை; தெரிந்திருந்தால் நீட்டியிருக்க மாட்டார்.

மகளிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு, சொல்லுங்கள் என்பதே என் பதில். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உங்கள் சட்டையின் வாசனை ஏற்கெனவே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். "அப்பா ஒரு கெட்ட பழக்கத்தை விட முயற்சி செய்யறேன், கொஞ்ச நாள் எனக்குச் சீக்கிரம் கோவம் வரும், அது உன் தப்பு இல்ல" என்று சொன்னால் போதும். அவளைக் காவல்காரியாக்க வேண்டாம். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யவே வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்யப்படும் அந்தச் சத்தியம், சறுக்கிய அன்று என்ன செய்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்: பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூடத் தன்னால்தான் என்று தகப்பன் நடுங்குகிறார், அந்த நடுக்கத்தில் மேலும் புகைக்கிறார், முன்னைவிட ஆழமாக மறைக்கிறார். அவளுக்குக் கொடுக்க உங்களிடம் வேறொன்று இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவர்களை 1951லிருந்து ஐம்பது ஆண்டு தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவினரின் ஆய்வு, 40 வயதையொட்டி நிறுத்தியவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களைவிட ஏறத்தாழ 9 ஆண்டு ஆயுள் கூடுவதை 2004இல் காட்டியது. உங்களுக்கு 41.

தேதியை இரண்டு வாரத்துக்குள் குறியுங்கள். அதற்கு முன்பே மனைவியிடம் சொல்லி முடித்திருக்க வேண்டும், உதவி எண்ணில் பதிவு செய்திருக்க வேண்டும், கம் கையில் இருக்க வேண்டும், கடைக் கணக்கு தீர்ந்திருக்க வேண்டும். பிறகு, மறுபடி சறுக்கினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். இது அவநம்பிக்கை அல்ல. கனடாவில் புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, ஒருவர் வெற்றிகரமாக நிறுத்துவதற்குள் 30 அல்லது அதற்கும் மேற்பட்ட முயற்சிகள்கூட ஆகலாம் என்று 2016இல் மதிப்பிட்டது. ஒன்று பிடித்துவிட்டால், மீதியைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள், தவிப்பு வந்தால் கூப்பிடுவதற்கென்று தேர்ந்தெடுத்த நண்பருக்கு "ஒண்ணு பிடிச்சிட்டேன்" என்று அனுப்புங்கள். அவர் "சரி, அடுத்தது வேண்டாம், சாயங்காலம் பேசலாம்" என்று மட்டும் பதில் போடட்டும். இரவில் மனைவியிடம் சொல்லுங்கள். கம்மையோ பேட்சையோ நிறுத்த வேண்டாம், புதுத் தேதி குறிக்கவும் வேண்டாம். அந்த மணியிலிருந்தே விட்ட கணக்கு தொடர்கிறது.

கடைசியாக, இந்த ஏற்பாட்டை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது. முதல் இரண்டு வாரம் நண்பரிடம் தினமும் பேசுங்கள், மூன்று மாதம் வரை வாரம் ஒருமுறை, அதன்பின் தலைத்திவசம் கழியும்வரை மாதம் ஒருமுறையாவது பேசுங்கள். நான்காம் ஐந்தாம் மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். கூப்பிடுவதற்கு விஷயமே இருக்காது. அப்போதும் கூப்பிடுங்கள், வேறு எதையாவது பேசுங்கள். உங்கள் நண்பரிடமும், "நான் கூப்பிடாம விட்டா நீ கூப்பிடு" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.